பெத்லகேமில் மூன்று கிறிஸ்துமஸ்

டிசம்பர் 23, 2019, திங்கள்

எருசலேமிலிருந்து பெத்லகேம் 9 கிலோமீட்டர்தான். திண்டுக்கல்லிலிருந்து சின்னாளபட்டிக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் நடுவில் சுவர் இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது. பஸ்ஸில் ஏறி, இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, இரும்புக் கம்பிகளுக்கு நடுவே நடந்து ஊருக்குள் கால் வைத்தபோது மாலை மங்கிவிட்டது. எங்கள் யாத்திரைக் குழு 27-ஆம் தேதி ஊர் திரும்பிவிடும். நானும் தம்பியும் மட்டும் ஜனவரி 19 வரை இங்கேயே தங்கப் போகிறோம். குழுவில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஒரு மாதம் இங்கே என்ன டீச்சர் செய்வீர்கள்?"

இந்த ஊரில் கிறிஸ்துமஸ் மூன்று முறை வருகிறது. டிசம்பர் 25 கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டண்ட் சபைகளுக்கும், ஜனவரி 7 கிரேக்க ஆர்த்தடாக்ஸ், சிரியன், காப்டிக் சபைகளுக்கும், ஜனவரி 19 ஆர்மீனியர்களுக்கும். ஒரே கோவில், ஒரே குகை, மூன்று தேதி. முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஒரு விடைக்கு மூன்று எண் வந்தால் அதைப் பார்க்காமல் நகர எனக்கு மனம் வராது.

பெய்ட் சாகூர் பக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. டிசம்பர் 25-ஐச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். தாளைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஜனவரித் தாளில் 7-லும் 19-லும் வட்டம். "மூன்றையும் கொண்டாடுவீர்களா?" என்று கேட்டேன். அவர் ஆர்த்தடாக்ஸ், மருமகள் கத்தோலிக்கர், மருமகளின் தாய் ஆர்மீனியராம். "யாரை விடுவது?" என்று கேட்டுவிட்டு மரமிய்யா இலை போட்ட தேநீரை நீட்டினார்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்து பிறந்ததாகச் சொல்கிற குகையின்மேல் கட்டிய திருப்பிறப்புப் பேராலயத்துக்குக் காலையிலேயே போனோம். வாசல் சுமார் 4 அடி உயரம்தான். பெரிய வளைவாக இருந்ததைப் பல காலங்களில் கல் வைத்து அடைத்துக் குறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தலை குனியாமல் யாரும் உள்ளே போக முடியாது. வெளியே சதுக்கத்தில் அடிக்கிற சாரணர்களின் மேள ஓசை உள்ளே கேட்கவில்லை. சிவப்புக் கல் தூண்கள், சமீபத்தில் துலக்கிய சுவர்ச் சித்திரங்கள், மேலே மர உத்தரம். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் கட்டியது 4-ஆம் நூற்றாண்டில். அது அழிந்தபின் பேரரசர் ஜஸ்டினியன் 6-ஆம் நூற்றாண்டில் கட்டியதுதான் இன்று நிற்பது.

குகைக்கு இறங்கும் படிகள் அரைவட்டமானவை. கல் பாதங்களால் தேய்ந்து, நடுவில் கிண்ணம்போல் குழிந்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். கீழே, பலிபீடத்துக்கு அடியில், சலவைக்கல் தரையில் அந்த வெள்ளி நட்சத்திரம். எனக்கு முன்னால் இருந்த நைஜீரியப் பெண் நெற்றியைத் தரையில் வைத்து நெடுநேரம் எழவில்லை. என் முறை வந்தபோது மண்டியிட்டு அருகில் பார்த்தேன். 14 முனைகள். நடுவில் ஒரு வட்டத் துளை. முத்தமிட்டு முத்தமிட்டு விளிம்புகள் மழுங்கியிருக்கின்றன. வளையத்தில் லத்தீன் எழுத்துகள். ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுப் படித்தேன். "இங்கே கன்னி மரியாளிடமிருந்து இயேசு கிறிஸ்து பிறந்தார்" என்பது பொருள். கடைசியில் ஓர் எண்: 1717.

கிறிஸ்து பிறந்த இடத்தில் இருக்கிற ஒரே ஆண்டு 1717. அது நட்சத்திரம் பதித்த ஆண்டு. அந்த நட்சத்திரம்கூட 1847-இல் காணாமல் போய், அதனால் சபைகளுக்குள் எழுந்த சண்டை ருசியா, பிரான்சு, துருக்கி வரை போய், 1853-இல் துருக்கி சுல்தான் புதிது பதிக்க வைத்தார். புதியதிலும் 1717 என்றே எழுதினார்கள். பிறந்த ஆண்டு எங்கும் இல்லை. பிறந்த நாள் எங்கும் இல்லை. முதல் சொல் "இங்கே". எப்போது என்று அது சொல்ல முயலவே இல்லை.

மேலே 15 விளக்குகள் தொங்குகின்றன. கிரேக்கருக்கு 6, ஆர்மீனியருக்கு 5, கத்தோலிக்கருக்கு 4. எந்த விளக்கு யாருடையது என்பதில் நூற்றாண்டுகளாக ஒரு துளி சந்தேகம் இல்லை.

இரவுத் திருப்பலி பக்கத்திலுள்ள புனித கேத்தரீன் ஆலயத்தில். எங்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கவில்லை. முன்னணைச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு நின்று திரையில் பார்த்தோம். வானம் மூடியிருந்தது. குளிர் எலும்பைப் பிடித்தது. நள்ளிரவில் மணி அடித்தபோது என்னை அறியாமல் அழுதேன். தேதி சரியா தவறா என்று அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதையும் எழுதி வைப்பதுதான் நேர்மை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்து பிறந்த இரவில் மேய்ப்பர்கள் ஆடு காத்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிற மேய்ப்பர் வயல்களுக்கு நடந்தே போனோம். ஒன்று கத்தோலிக்கர் பராமரிப்பில், மற்றொன்று கிரேக்கர் பராமரிப்பில். இரண்டுமே பெய்ட் சாகூரில்தான்.

"டிசம்பர் குளிரில் இரவில் ஆடு வெளியே இருக்காது, அதனால் கிறிஸ்து டிசம்பரில் பிறக்கவில்லை" என்ற வாதம் என் கைப்பேசிக்கு வருடத்துக்கு நான்கு முறையாவது வருகிறது. வயலுக்குக் கிழக்கே சரிவில் இன்று, டிசம்பர் 25-ஆம் தேதி, ஓர் ஆட்டு மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. சுமார் அறுபது உருப்படி. யூதேயப் பாலைவனத்தின் ஓரம் மழைக்காலத்தில்தான் பச்சை பிடிக்கும். கோடையில் அங்கே மேய என்ன இருக்கிறது? அதனால் குளிர்காலத்தில் ஆட்டைக் கிழக்கே ஓட்டிப்போவது இங்கே வழக்கம். இதை வைத்து டிசம்பர்தான் என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் இல்லை என்பதற்கு ஆடு சாட்சி ஆகாது என்று மட்டும் சொல்கிறேன். நற்செய்தி எழுதிய லூக்கா மாதம் எதையும் எழுதவில்லை. இராத்திரி என்று மட்டும் எழுதினார்.

டிசம்பர் 26, வியாழன்

அதிகாலையில் ஊரிலிருந்து அக்கா மகன் வீடியோவில் வந்தான். திண்டுக்கல்லில் சூரியன் வளையமாகத் தெரிகிறதாம். கங்கண சூரிய கிரகணம். தெருவே மாடியில் நிற்கிறது. "அத்தனை பேருக்கும் இந்தத் தேதி இனி மறக்காது சித்தி" என்றான். அவன் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொல் நாள் முழுக்க என்னோடு இருந்தது. கிரகணம் பிடித்த நாள், கண்மாய் உடைந்த வருடம், பெரும்புயல் அடித்த ஐப்பசி. எங்கள் பாட்டி எல்லாப் பிறப்பையும் இப்படித்தான் சொல்வார். எங்கள் அப்பா பிறந்தது "குளத்துக் கரை உடைந்த வருடம், கதிர் பால் பிடித்திருந்த நேரம்". பள்ளிக்கூடப் பதிவேட்டிலோ ஜூன் 1. சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் எழுதியது. நானே எத்தனை பிள்ளைகளின் சேர்க்கைப் படிவத்தில் ஜூன் 1 என்ற தேதியைப் பார்த்திருக்கிறேன்! அந்தத் தேதி பொய் என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. பிள்ளை உண்மை. பள்ளிக்கு ஒரு தேதி வேண்டியிருந்தது.

ஆனால் அப்பா இறந்த நாள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கிழமை, நேரம், மழை பெய்ததா என்பதுவரை. வருடா வருடம் நினைவுத் திருப்பலி வைக்க வேண்டுமே.

ஆதித் திருச்சபையும் அப்படித்தான் இருந்தது. முதல் இருநூறு ஆண்டுகளில் கிறிஸ்து பிறந்த நாளை யாரும் கொண்டாடியதாகச் சான்று இல்லை. இறந்த நாளும் உயிர்த்த நாளும்தான் திருநாள். அது யூதர்களின் பாஸ்கா பண்டிகையோடு சேர்ந்த நாள் என்பதால் எல்லோருக்கும் தெரியும். 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகேன் என்ற கிறிஸ்தவ அறிஞர், வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும்தான் என்று கடிந்து எழுதினார். அவருக்குச் சற்று முன்னால் அலெக்ஸாந்திரியாவில் கிளெமெந்து, சிலர் மே 20 என்றும் சிலர் ஏப்ரலில் என்றும் கணக்குப் போடுவதாகக் குறித்தார். டிசம்பர் 25 அவர் பட்டியலில் இல்லை.

டிசம்பர் 25-க்கான உறுதியான முதல் சான்று ரோமில், 354-ஆம் ஆண்டுக்காகத் தயாரித்த ஒரு நாட்காட்டியில் இருக்கிறது. அதில் உள்ள பட்டியலில் ஒன்று 336-ஆம் ஆண்டளவில் தொகுத்தது என்று கொள்கிறார்கள். அதே நூலின் வேறொரு பக்கத்தில் அதே நாளில் "வெல்லப்படாதவனின்" பிறப்பு என்று, சூரியனுக்குத் தேரோட்டங்களோடு ஒரு விழாவும் குறித்திருக்கிறது. சூரியனுக்கு ரோமில் பேரரசர் அவுரேலியன் 274-இல் கோவில் கட்டினார். அதனால் கிறிஸ்தவர்கள் சூரியன் விழாவைத் தங்கள் விழாவாக்கிக்கொண்டார்கள் என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம் எனக்கு, கணக்கு வாத்தியாருக்கு, இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கிறிஸ்து இறந்தது மார்ச் 25 என்று மேற்கே 2-ஆம், 3-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்கு இருந்தது. கருவான நாளிலேயே அவர் இறந்தார், அவர் வயது முழுமையானது என்ற நம்பிக்கையும் இருந்தது. மார்ச் 25 கருவான நாள் என்றால் ஒன்பது மாதம் கூட்டுங்கள். டிசம்பர் 25. கிழக்கே அதே பாஸ்கா நாளை ஏப்ரல் 6 என்று கணித்தவர்கள் உண்டு. அங்கே ஒன்பது மாதம் கூட்டினால் ஜனவரி 6. இரண்டு தேதியும் ஒரே வழிமுறையில் விழுகின்றன! இதற்கு முடிவான ஆவணம் ஒன்றும் கையில் இல்லை. ஆனாலும் இறப்பிலிருந்து பின்னோக்கிப் பிறப்பைக் கண்டுபிடித்தார்கள் என்பது எங்கள் அப்பா கதைக்கு எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

நாளைக் காலை குழு கிளம்புகிறது. பெட்டி கட்டுகிறார்கள். ஒலிவ மரச் சிற்பங்கள் உடையாமல் போக என் பழைய சேலை இரண்டைக் கொடுத்தேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

மாடியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் தலை வெட்டிய கூம்புபோல ஒரு மலை தெரிகிறது. வந்த நாள் முதல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று டாக்ஸி பிடித்துப் போனோம். அது ஏரோதியம். கிறிஸ்து பிறந்த நாட்களில் யூதேயாவை ஆண்ட ஏரோது ராஜா தனக்காக எழுப்பிய கோட்டை, தன் பெயர் வைத்த இடம், தன் கல்லறை.

உயரம் கடல் மட்டத்திலிருந்து 758 மீட்டர். இயற்கைக் குன்றுமேல் மண்ணைக் குவித்து, உச்சியில் வட்டக் கோட்டை கட்டி, சுற்றிலும் மண் அணைத்திருக்கிறார்கள். உள்ளே குளியலறை, தூண் மண்டபம், நிலத்தடி நீர்த்தொட்டிகள். மலையைக் குடைந்த சுரங்க வழியில் இறங்கிக்கொண்டே போனால் தொட்டிகளின் குளிர்ச்சி முகத்தில் அடிக்கிறது. எஹூத் நெட்சர் என்ற தொல்லியலாளர் 35 ஆண்டுகள் இங்கே தோண்டி, 2007-இல் சரிவின் நடுவே கல்லறையைக் கண்டார். செந்நிறச் சுண்ணாம்புக்கல் சவப்பெட்டி ஒன்று துண்டுதுண்டாக உடைத்து எறியப்பட்டிருந்தது. யாரோ கோபத்தோடு உடைத்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு கழித்து இதே இடத்தில் தவறி விழுந்து நெட்சர் இறந்துபோனார்.

உச்சியில் காற்று நிற்கவிடவில்லை. வடமேற்கே பெத்லகேம், கிழக்கே பாலைவனம் கீழே கீழே போய் சாக்கடலில் முடிகிறது. பெத்லகேமில் யார் எந்த வீட்டு மாடியில் நின்றாலும் இந்த மலை தெரியும். இங்கிருந்து பார்த்தால் அந்த ஊர் ஒரு கைப்பிடி. நற்செய்தியில் மத்தேயு எழுதியதை இந்தக் காற்றில் நின்று நினைத்துக்கொண்டேன். நட்சத்திரம் பார்த்துப் பிள்ளையைத் தேடி வந்த ஞானிகளிடம் காலத்தை விசாரித்து, இரண்டு வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன ராஜா.

பிறப்பின் ஆண்டைப் பற்றி நமக்கிருக்கிற உறுதியான ஒரே கயிறு இந்த மனிதனின் சாவுதான். மத்தேயு, லூக்கா இருவருமே ஏரோதின் நாட்களில் என்கிறார்கள். ஏரோது எப்போது இறந்தான்? யூத வரலாற்றாசிரியர் ஜோசப்பஸ் எழுதியதைக் கொண்டு பெரும்பாலான ஆய்வாளர்கள் கி.மு. 4 என்கிறார்கள். அவன் இறந்ததும் பதவிக்கு வந்த மகன் பிலிப்பு 37 ஆண்டு ஆட்சி செய்து, ரோமப் பேரரசன் திபேரியு ராயனின் 20-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 34 அளவில், இறந்தான். 34-இல் 37-ஐக் கழித்தால் கழித்தல் 3. நம் ஆண்டு வரிசையில் பூஜ்ஜியம் இல்லை, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. அதனால் கழித்தல் 3 என்பது கி.மு. 4. இதைச் சீட்டில் போட்டுத் தம்பிக்குக் காட்டினேன். "அப்படியானால் கிறிஸ்து கிறிஸ்துவுக்கு முன் பிறந்திருக்கிறார் அக்கா" என்றான். ஆமாம். கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவில் என்பதே பலரும் ஏற்கிற விடை. நான் படித்த பள்ளிப் புத்தகத்தில் இதை யாரும் சொல்லவில்லை. என் பிள்ளைகளுக்கு நானும் சொல்லவில்லை. அது உறுத்துகிறது.

ஜனவரி 2, 2020, வியாழன்

இரண்டு நாளாக மழை. வெளியே போகவில்லை. வீட்டுக்கார அம்மா மக்லூபா செய்தார். சோறும் கத்தரிக்காயும் கோழியும் அடுக்கிய பானையைத் தாம்பாளத்தின்மேல் ஒரே வீச்சில் கவிழ்த்தபோது தம்பி கைதட்டினான்.

புது வருடம் பிறந்தது. 2020 என்று எழுதும்போது எங்கிருந்து எண்ணுகிறோம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். எண்ணத் தொடங்கியவர் தியோனீசியுஸ் எக்சிகுவுஸ் என்ற துறவி. கருங்கடல் ஓரத்தில் பிறந்து ரோமில் வாழ்ந்தவர். 525-இல் பாஸ்கா, அதாவது உயிர்ப்புத் திருநாள், தேதிகளுக்கு அட்டவணை போட்டார். அதுவரை புழக்கத்திலிருந்த அட்டவணை தியோக்கிளேசியன் பேரரசனின் ஆண்டுகளை எண்ணியது. கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவன் பெயரால் திருநாளைக் குறிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. மனிதனானவரின் ஆண்டுகளை எண்ணுவோம் என்று மாற்றினார். எப்படி அந்த முதல் ஆண்டுக்கு வந்தார் என்று கணக்கை எழுதி வைக்கவில்லை. படிகளைக் காட்டாமல் விடை மட்டும் எழுதிய மாணவனுக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்ததில்லை. ஆனாலும் கொன்றவன் பெயரை அழித்துக் கொல்லப்பட்டவர் பெயரை வைத்தாரே, அதற்காக அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

லூக்காவைப் பற்றியும் இன்றே சொல்லிவிடுகிறேன். எங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் "குடிமதிப்பு" என்று ஒரு சொல் இருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்று பொருள். கிறிஸ்து பிறந்தது அப்போதுதான் என்கிறார் லூக்கா. சீரியாவில் சிரேனியு தேசாதிபதியாயிருந்தபோது உண்டான முதல் குடிமதிப்பு. இந்தச் சிரேனியு கற்பனை ஆள் இல்லை. ரோமப் பதிவுகளில் உள்ளவர். ஆனால் அவர் சீரியாவுக்கு வந்து யூதேயாவில் கணக்கெடுத்தது கி.பி. 6-இல், ஏரோதின் மகன் அர்கெலாவுவை ரோம் நீக்கிய பிறகு. ஏரோது செத்து அப்போது சுமார் 10 ஆண்டு. ஒரே பிறப்பு, இரண்டு அடையாளம், நடுவில் 10 ஆண்டு இடைவெளி. இதைச் சரிக்கட்ட நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சிரேனியு முன்பே ஒருமுறை வந்திருப்பார் என்கிறார்கள், "முதல்" என்பதை "முந்தைய" என்று படிக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் முழுதாகப் பொருந்தவில்லை. மழுப்பாமல் சொல்வதென்றால், லூக்கா நம் பாட்டியைப்போல எழுதுகிறார். ஊரே பேசிய ஒரு பெரிய சம்பவத்தை எடுத்து அதன் பக்கத்தில் ஓர் ஏழைத் தாயின் பிரசவத்தை வைக்கிறார். பாட்டி சொன்ன குளத்துக் கரையும் எங்கள் பெரியப்பா சொன்ன குளத்துக் கரையும் வேறு வேறு வருடத்தில் உடைந்தவை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்காக அப்பா பிறக்காமல் போகவில்லை.

அரண்மனைப் பிள்ளையாக இருந்திருந்தால் தேதி இருந்திருக்கும். அப்போதைய ரோமப் பேரரசன் அகுஸ்து ராயன் பிறந்தது செப்டம்பர் 23, சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் என்று நேரம் உட்பட எழுதி வைத்திருக்கிறார்கள். ரோமின் ஆசிய மாகாணத்தில் அந்த நாளையே வருடப் பிறப்பாக்கினார்கள். முன்னணையில் கிடத்திய பிள்ளைக்கு யார் எழுதுவார்கள்? கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் "தீவனத் தொட்டி" என்று இருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமமும் உண்டு. எந்தச் சொல்லைப் போட்டாலும் மாடு தின்கிற இடம்தான்.

ஜனவரி 6, திங்கள்

இன்று மறுபடியும் கிறிஸ்துமஸ் முந்தின நாள். மறுபடியும் சதுக்கத்தில் சாரணர் மேளம், பைக்குழல். காலையிலிருந்து ஒவ்வொரு சபையின் தலைவராக வருகிறார்கள். சிரியன், காப்டிக், கிரேக்கம் என்று வரிசையாக. கறுப்பு உடை, உயரத் தொப்பி, முன்னால் கோலைத் தரையில் தட்டிக்கொண்டு நடக்கிற காவலர்கள்.

இவர்கள் வேறு தேதியைக் கொண்டாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இவர்களுக்கும் நாளை டிசம்பர் 25-தான். ஜூலியன் நாட்காட்டியின் டிசம்பர் 25. 1582-இல் போப் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது 10 நாள் தள்ளினார்கள். இவர்கள் தள்ளவில்லை. வித்தியாசம் வளர்ந்து வளர்ந்து இப்போது 13 நாள். 2100-ஐத் தாண்டினால் 14 ஆகும். அப்போது இந்தக் கிறிஸ்துமஸ் ஜனவரி 8-க்குப் போய்விடும். ஆகாயத்தில் ஒன்றும் மாறாமலேயே!

இரவு குகைக்கு இறங்கும் வரிசையில் நின்றபோது ஒரு ருமேனியப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். படியில் வழுக்கும் என்று பயம். மொழி புரியாமலே இருவரும் ஒரு மணி நேரம் பேசினோம். கீழே நட்சத்திரத்தருகில் அவர் செய்ததைப் பார்த்தேன். பையிலிருந்து ஒரு பச்சைக் குழந்தையின் உல்லன் சட்டையை எடுத்து நட்சத்திரத்தின் மேல் விரித்து, எண்ணி மூன்று முறை தடவி, மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். பேரப்பிள்ளையாக இருக்கும்.

ஜனவரி 8, புதன்

புனித கேத்தரீன் ஆலயத்துக்கு அடியில் ஜெரோமின் குகை. வேதாகமத்தை லத்தீனுக்கு மொழிபெயர்த்தவர். 386 முதல் சாகும்வரை இந்த ஊரில்தான் இருந்தார். தரை ஈரம், சுவர் கரடு. அவர் காலத்தில் இந்த ஊரே ஜனவரி 6-ஐத்தான் கிறிஸ்து பிறந்த நாளாகக் கொண்டாடியது. எகேரியா என்ற பெண் யாத்ரீகர், 380-களில் வந்தவர், அந்த இரவில் பெத்லகேமிலிருந்து எருசலேமுக்குப் பாடிக்கொண்டு திரும்பிய பவனியை எழுதியிருக்கிறார். ஜெரோமோ ரோமிலிருந்து வந்தவர். டிசம்பர் 25-தான் சரி என்று இங்கேயே, பிறந்த ஊர்க்காரர்கள் முன்னாலேயே பிரசங்கம் செய்தார். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. எருசலேம் டிசம்பர் 25-ஐ ஏற்க 6-ஆம் நூற்றாண்டு ஆனது.

அதே ஆலயத்தில் நவம்பர் கடைசியில் ரோமிலிருந்து வந்த மரத்துண்டு ஒன்றை வைத்திருக்கிறார்கள். முன்னணையின் மரம் என்று 7-ஆம் நூற்றாண்டு முதல் ரோமில் போற்றி வைத்திருந்ததன் ஒரு சிறு துண்டு. விரல் நீளம்தான். முன்னால் நின்ற தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் அவனைத் தொந்தரவு செய்யவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

இன்று பௌர்ணமி. புறநிழல் சந்திர கிரகணம் என்று தமிழ்ச் செய்தியில் படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஏரோதின் கடைசி நாட்களில் எருசலேமின் யூத ஆலய வாசலில் அவன் வைத்த பொன் கழுகை இளைஞர்கள் வெட்டி வீழ்த்தினார்கள். தூண்டிய ஆசிரியர்களை அவன் உயிரோடு எரித்தான். அந்த இரவு சந்திர கிரகணம் பிடித்தது என்கிறார் ஜோசப்பஸ். அதன் பிறகு ஏரோது இறந்தான், அதன் பிறகு பாஸ்கா வந்தது. ஆகாயக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் கி.மு. 4, மார்ச் 13-இல் ஒரு பகுதிக் கிரகணம் இருக்கிறது. கி.மு. 1, ஜனவரி 10-இல் ஒரு முழுக் கிரகணமும் இருக்கிறது. இரண்டாவதுதான் என்று வாதிடுகிற சிலர் ஏரோதின் சாவையும் கிறிஸ்துவின் பிறப்பையும் மூன்று ஆண்டு பிந்தையதாக்குகிறார்கள். பிலிப்பின் கணக்கு எனக்கு வலுவாகப் படுவதால் நான் கி.மு. 4 பக்கம்தான். ஆனாலும் ஜனவரி 10 என்ற தேதியில், இந்த மண்ணில் நின்று, ஒரு கிரகணம் பார்க்கக் கிடைத்தது எனக்கு வரம்.

மாடியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். மேகம் வந்து வந்து மூடியது. இரவு ஒன்பது மணி தாண்டி ஒரு பத்து நிமிடம் விலகியபோது நிலாவின் ஒரு பக்கம் கரித்துணியால் மெல்லத் துடைத்ததுபோல மங்கியிருந்தது. அவ்வளவுதான். தெரியாதவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தென்கிழக்கே ஏரோதியம் கறுப்பாக நின்றது. எரிக்கப்பட்டவர்களின் இரவில் அவர்கள் வீட்டுத் தாய்மார்கள் இந்த நிலாவைத்தான் பார்த்திருப்பார்கள். நாம் ஆண்டு கணிக்க அவர்கள் துக்கம் உதவுகிறது. எனக்கு அதை எளிதாகக் கடக்க முடியவில்லை.

கிழக்கின் நட்சத்திரத்தைப் பற்றித் தம்பி கேட்டான். வியாழனும் சனியும் கி.மு. 7-இல் மூன்று முறை நெருங்கி வந்ததைக் கெப்ளர் கணக்கிட்டிருக்கிறார். அழகான கணக்கு. ஆனால் மத்தேயு சொல்கிற நட்சத்திரம் பிள்ளை இருந்த இடத்துக்கு மேலே வந்து நிற்கிறது. கிரகம் எதுவும் அப்படி நிற்காது. அந்த நட்சத்திரத்தை வைத்து ஆண்டு கணிக்க எனக்கு விருப்பமில்லை.

ஜனவரி 18, சனி

கடைசி இரவு. மூன்றாவது கிறிஸ்துமஸ்.

ஆர்மீனியர்கள் டிசம்பர் 25-ஐ ஏற்கவே இல்லை. பழைய ஜனவரி 6-ஐயே வைத்துக்கொண்டார்கள். பிறப்பையும் யோர்தானில் பெற்ற திருமுழுக்கையும் ஒரே நாளில் கொண்டாடுகிறார்கள். ஆர்மீனியா நாட்டில் அது நமக்கும் ஜனவரி 6-தான். எருசலேம் ஆர்மீனியர் மட்டும் ஜூலியன் நாட்காட்டியையும் விடாததால் 13 நாள் கூடி ஜனவரி 19. எகேரியா பார்த்த பெத்லகேமுக்கு மிக அருகில் இருப்பது இந்த விழாதான். மற்ற இரண்டையும்விட இதில் கூட்டம் மிகக் குறைவு. மேளம் உண்டு, விளக்கு உண்டு, சதுக்கத்தில் இடமும் நிறைய உண்டு.

பேராலயத்தின் வடக்குப் பக்கத்தில் அவர்களுடைய பலிபீடம். கூம்புத் தலைச்சீலை அணிந்த துறவிகள் பாடத் தொடங்கினார்கள். கைப்பிடியில் சிறு மணிகள் கோத்த வட்டத் தகடுகளை உயர்த்தி அசைக்கும்போது மழைத்துளி தகரத்தில் விழுவதுபோல ஓசை. வீட்டுக்கார அம்மாவுடைய மருமகளின் தாய் என் பக்கத்தில் நின்றார். பாடல் நடுவே மெல்லக் கேட்டார்: "உங்கள் பிறந்தநாள் எப்போது?" சொன்னேன். அவர் சொன்னார், "எனக்குத் தெரியாது. எங்கள் அம்மா அகதியாக வந்தபோது என்னைக் கையில் வைத்திருந்தார். அட்டையில் ஜனவரி 1 என்று எழுதிக் கொடுத்தார்கள்."

நான் அவர் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். ஜூன் 1-ஐப் பற்றி அவரிடம் சொன்னேன், என் உடைந்த ஆங்கிலத்தில். அவருக்குப் புரிந்தது.

விடியும்போது வெளியே வந்தோம். சதுக்கத்து மூலையில் ரொட்டிக் கடை திறந்திருந்தது. எள் தூவிய வளைய ரொட்டி நான்கு வாங்கினோம். வீட்டில், பெட்டியை மூடுவதற்கு முன் சமையலறைக்குப் போனேன். காலண்டரில் 19-ஐச் சுற்றிய வட்டத்தின்மேல் வீட்டுக்கார அம்மா பேனாவால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஜன்னலில் ஒரு மாதமாக எரிந்துகொண்டிருந்த காகித நட்சத்திரத்தின் சுவிட்சை அணைத்தார். தம்பி நாற்காலியில் ஏறி அதைக் கழற்றிக் கொடுத்தான்.